ஓர் ஊர் முந்தித் திருடியவன்

பைபிள் கதை இது. எரிகோ நகரத்தின் மதில் விழுமுன்பே இஸ்ரவேலர் தலைவர் யோசுவா கறாராகச் சொல்லிவிட்டார்: ஊரில் உள்ளது அத்தனையும் சாபத்தீடு. கடவுள் பேருக்கு எழுதிவைத்தாயிற்று, மனுஷக் கை படக் கூடாது. ஒரே ஒரு வீட்டாரைத் தவிர ஆள், ஆடு, மாடு, கழுதை எதுவும் மிஞ்சக் கூடாது, மற்றதெல்லாம் தீக்கு. பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு மட்டும் நேராகக் கர்த்தரின் பொக்கிஷத்துக்குப் போகும். கஜானாக்காரர்கள் எந்தக் காலத்திலும் விவரமானவர்கள்தான்.

யூதா கோத்திரத்து ஆகான் கண்ணில் ஒரு பாபிலோனியச் சால்வை பட்டது. இதைப் போய்க் கொளுத்துவானேன்? கூடவே 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் பொன்பாளம். பொன் மட்டும் நம் கணக்கில் 70 பவுன் தேறும். கூடாரத்துக்குள் குழி தோண்டிப் புதைத்தான். எந்த விசேஷத்துக்கு அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு போவதாக இருந்தானோ! முகாமில் அத்தனை பேருக்கும் அது எந்த ஊர்ச் சரக்கென்று தெரியும்.

அடுத்தது ஆயி. சின்ன ஊர்தானே, 3,000 பேரே தாராளம் என்றார்கள் வேவுக்காரர்கள். போனவர்கள் 36 பேரைப் பறிகொடுத்துவிட்டு ஓடிவந்தார்கள். யோசுவா துணியைக் கிழித்துக்கொண்டு சாயங்காலம்வரை கர்த்தரின் உடன்படிக்கைப் பெட்டியின்முன் குப்புறக் கிடந்தார். யோர்தானுக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கலாமே என்று புலம்பல் வேறு. உங்களில் ஒருவன் கைவைத்திருக்கிறான் என்று பதில் வந்தது. பேரை மட்டும் கடவுள் சொல்லவில்லை. கோத்திரம், வம்சம், வீடு என்று சலித்துச் சலித்து ஆகானிடம் வந்து நின்றது. மகனே என்று தேனாகக் கூப்பிட்டுத்தான் யோசுவா கேட்டார். அவனும் ஒத்துக்கொண்டான். ஆகோர் பள்ளத்தாக்கில் கல்லெறி, பிறகு தீ: அவன், பிள்ளைகள், மாடு, கழுதை, ஆடு, கூடாரம், சால்வை. கழுதைக்கு இதில் என்ன பங்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

வயிற்றெரிச்சல் இனிமேல்தான். மறுபடி ஆயிமேல் போனபோது புது உத்தரவு: ஆடுமாடும் கொள்ளைப்பொருளும் உங்களுக்கே! பாவி, இன்னும் ஒரே ஓர் ஊர் பொறுத்திருந்தால் சட்டப்படியே வாரியிருப்பான்.

ஆயி என்று பெரும்பாலோர் காட்டும் எத்-தெல் மேட்டைத் தோண்டிப் பார்த்தார்கள். யோசுவா காலம் என்று சொல்லப்படும் கட்டத்தில் அங்கே ஊரே இல்லை. அப்படியானால் அந்த 36 பேரை அடித்தது யார்?

பக்கத்து மோவாப் நாட்டிலும் இதே சாபத்தீட்டுச் சட்டம்தான். கி.மு. 9-ஆம் நூற்றாண்டு ராஜா மேசா, நேபோ ஊரைப் பிடித்து 7,000 பேரைக் கொன்று சாமிக்குப் படைத்ததாகக் கல்லில் வெட்டிவைத்தார். 1868-இல் கிடைத்த அந்தக் கல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த நேபோ, இஸ்ரவேலர் வசம் இருந்த ஊர்.