சக்கர மாற்றியல்: நூற்பாவும் உரையும்

தமிழில் உரை காணாத துறை இல்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. எழுத்துக்கு உரை உண்டு, சொல்லுக்கு உண்டு, பொருளுக்கு உண்டு. மாட்டு வைத்தியத்துக்குக்கூட வாகடம் உண்டு. ஆனால் ஸ்கேட்போர்டின் சக்கரத்தை வீட்டிலேயே கழற்றி மாட்டுவதற்கு நூலும் இல்லை, உரையும் இல்லை. இக்குறையைப் போக்கும் பொருட்டு இக்கட்டுரையாளரே நூற்பாக்களை இயற்றி, உரையையும் தாமே எழுதியிருக்கிறார். நூலாசிரியரும் உரையாசிரியரும் ஒருவரே ஆதலால் இருவருக்குள்ளும் கருத்து வேறுபாடு வராது என்று எண்ணவேண்டாம். வந்திருக்கிறது.

முதலில் வரலாறு, அது இல்லாமல் ஆய்வு என்று சொன்னால் யாரும் ஏற்பதில்லை. ஆதியில் ரோலர் ஸ்கேட்டைப் பிரித்து அதன் இரும்புச் சக்கரங்களைப் பலகையில் அறைந்து ஓட்டினார்கள். 1960-களில் களிமண் சக்கரம் என்று பெயர் பெற்ற ஒரு கலவை வந்தது. குறுக்கே ஒரு பொடிக்கல் கிடந்தால் அந்தச் சக்கரம் நின்றுவிடும். மேலே இருப்பவர் நிற்கமாட்டார். 1970-களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வர்த்தி என்பவர், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பர்செல்வில் என்ற ஊரின் ஆலை ஒன்றில் ரோலர் ஸ்கேட்டுக்காக வார்த்து வைத்திருந்த பாலியூரித்தேன் சக்கரங்களைப் பார்த்தார். பலகையில் மாட்டிப் பார்த்தார்; சத்தம் இல்லை, தரையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. கலிபோர்னியாவில் ‘காடிலாக் வீல்ஸ்’ என்று பெயரிட்டு விற்றார். 1937-இல் ஜெர்மனியில் பாலியூரித்தேனைக் கண்டறிந்த ஓட்டோ பேயருக்கு இப்படி ஒரு எதிர்காலம் கனவிலும் தோன்றியிருக்காது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதன்முறையாகச் சேர்ந்தது. ஜப்பானின் மோமிஜி நிஷியா 13 வயதில் தங்கம் வாங்கினார். வரலாறு இத்துடன் முற்றிற்று. ஸ்பேனரை எடுக்கவும்.

*நட்டு வாஷர் பேரிங் சக்கரம்*
*பேரிங் வாஷர் எனமுறை கழலும்.*

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், அச்சிலிருந்து உறுப்புகள் வெளிவரும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று. பலகைக்கு அடியில் டிரக் எனப்படும் உலோகத் தாங்கி இரண்டு. ஒவ்வொன்றின் அச்சுக்கும் முனை இரண்டு. ஆகச் சக்கரம் நான்கு, நட்டு நான்கு, பேரிங் எட்டு, வாஷர் எட்டு. சில சக்கரங்களில் இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஸ்பேசர் என்னும் சிறு குழாய் இருக்கும். நூற்பாவில் அது இல்லையே எனின், இலேசினால் கொள்க.

நட்டு அரை அங்குல அளவு. வீட்டில் 12-13 ஸ்பேனர் இருந்தால் 13 பக்கம் பொருந்தும். அஃதேல், கட்டிங் பிளேயர் ஆகாதோ எனின், ஆகாது. நட்டின் மூலைகள் மழுங்கிப்போகும். அதன்பின் சரியான ஸ்பேனரும் வழுக்கும்.

பேரிங்கை வெளியே எடுப்பதுதான் இத்துறையில் நுட்பமான இடம். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புவோர் உளர். அவர்கள் பேரிங்கின் மூடியையும் உள்ளங்கையையும் ஒருசேரக் கிழித்துக்கொள்வர். தனிக் கருவியே வேண்டாம், அச்சே கருவி. நட்டையும் வெளி வாஷரையும் எடுத்துவிட்டு, அச்சின் நுனி உட்புறப் பேரிங்கை மட்டும் தாண்டி நிற்கும் அளவுக்குச் சக்கரத்தை இழுங்கள். பிறகு சக்கரத்தைச் சாய்த்துத் திருகினால் ‘டப்’பென்று பேரிங் கழன்று அச்சிலேயே தங்கிவிடும். சக்கரத்தைத் திருப்பிப் போட்டு மறு பேரிங்கையும் அவ்வாறே எடுக்கலாம். மாட்டுவதும் அச்சை வைத்துத்தான்: பேரிங்கை அச்சில் கோத்து, அதன்மேல் புதுச் சக்கரத்தை வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் இறங்கும். சுத்தியலால் தட்டினால் அந்த அடி பேரிங்குக்குள் இருக்கும் மணிகளுக்குப் போய்ச் சேரும். மணி ஓடும் பாதையில் குழி விழும்.

இனி வாஷர். இதைத் தனி இயலாகவே பிரித்திருக்கவேண்டும். எட்டு வாஷரையும் செய்தித்தாளின்மேல் வரிசையாக வைத்தால், மாட்டும்போது ஏழு இருக்கும். எட்டாவது ஃபிரிட்ஜுக்கு அடியில் இருக்கிறது என்பது ஆய்வாளர் ஒருமித்த கருத்து. தரையோடு தரையாகப் படுத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்த பையனிடம் பாட்டி கேட்டார்:

“என்னடா தேடுற, திருகாணியா?”

“வாஷர், பாட்டி.”

“அது இல்லாட்டா வண்டி ஓடாதா?”

அருமையான தடை இது. விடை: ஓடும், ஆனால் நட்டு பேரிங்கின் உள்வட்டில் மட்டும் படாமல் மூடியிலும் உரசும். வாஷர் சன்னமானது, உள்வட்டை மட்டும் தொட்டுக்கொண்டு மற்ற எதையும் தொடவிடாமல் நிற்பதே அதன் வேலை. விலை மிக அற்பம் என்பதால் தனியாக ஒன்றே ஒன்று எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

*இறுக்கிப் பின்னர்க் கால்சுற்று நெகிழ்த்துக;*
*பக்க ஆட்டம் சிறிதெனின் நன்றே.*

இங்கேதான் நூலாசிரியரோடு உரையாசிரியர் முரண்படுகிறார். ஆட்டமே கூடாது என்று உரையாசிரியர் முதலில் கருதினார். நட்டை அழுத்தி முறுக்கியதும் சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. நூலாசிரியர் வென்றார். முழுக்க இறுக்கிவிட்டுக் கால்சுற்று தளர்த்தினால், சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கும்போது ‘டிக்’கென்று ஒரு சிறு ஓசை வரும். அதுதான் அளவு. நட்டுக்குள் ஒரு நைலான் வளையம் உண்டு. அதிர்வில் நட்டு கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது அதுவே. பல முறை கழற்றிய நட்டில் அந்தப் பிடி போய்விடும். விரலாலேயே கடைசிவரை சுழன்று இறங்குகிற நட்டை நம்பி யாரையும் பலகையில் ஏற்றாதீர்கள்.

எந்தச் சக்கரம் வாங்குவது என்பதில் நெடிய விவாதம் தேவையில்லை. கடினத்தை ஷோர் ஏ என்ற அளவால் குறிப்பார்கள். 78ஏ, 80ஏ என்றால் மெத்து. 99ஏ, 101ஏ என்றால் கட்டை. வழவழப்பான பார்க்குக்கும் வித்தைகளுக்கும் 50 முதல் 54 மில்லிமீட்டர் விட்டத்தில் கட்டையானவை. நம் தெருத் தாருக்கு 60-ஐ ஒட்டிய விட்டத்தில் மெத்தானவை; கட்டைச் சக்கரத்தோடு நம் தெருவில் இறங்கினால் பல் ஆடும். பெரிய சக்கரம் வளையும்போது பலகையின் அடிப்பாகத்தில் உரசிச் சடக்கென்று நின்றுவிடுவதும் உண்டு. டிரக்குக்கும் பலகைக்கும் நடுவே ரைசர் என்னும் தட்டை வைத்தால் அது நீங்கும்.

சக்கரம் நான்கும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. சில மாதங்களில் நான்கும் நான்கு விதமாகத் தேய்ந்திருக்கும். ஓட்டுபவர் ஒரு பக்கமே சாய்வார், ஒரு காலையே ஊன்றுவார்; பாதத்தின் குணம் சக்கரத்தில் பதிகிறது. பரிகாரம், மூலைக்கு மூலை மாற்றுவது: முன் இடது பின் வலதுக்கு, முன் வலது பின் இடதுக்கு, உள்முகம் வெளிமுகமாக. படம் அச்சிட்ட பக்கம் உள்ளே போய்விடுகிறதே என்று உடையவர் முரண்டு பிடிப்பார்; விட்டுக்கொடுக்க வேண்டாம். பலகையைக் குறுக்கே திருப்பித் தேய்த்து நிறுத்தியதால் ஓரிடத்தில் மட்டும் தட்டையாகிப்போன சக்கரத்துக்கு மட்டும் இந்தப் பரிகாரம் பலிக்காது. தடதடவென்று அது தன் கதையைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே போகும்.

*அழுக்கின் மேலே எண்ணெய் பெய்யேல்.*

நூலின் உயிர் இந்த ஒற்றை அடியே. சக்கரம் சரியாகச் சுழலவில்லை என்று நம்மவர் முதலில் செய்வது மேலாக நாலு சொட்டு விடுவது. எண்ணெய் தூசியைக் குழைத்து உள்ளே அனுப்பும்; அந்தச் சாந்து மணிகளை அரைக்கும். உண்மையில் பழியெல்லாம் சக்கரத்தின்மேல் விழுகிறது, குற்றம் பேரிங்கினுடையது. அதற்கு 608 என்று பெயர்: உள்துளை 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர், பெரும்பாலும் உள்ளே ஏழு மணிகள். 2017-இல் பள்ளிக்கூடம் தோறும் சுழன்ற ஃபிட்ஜெட் ஸ்பின்னரின் நடுவிலும் இதுவே இருந்தது. மேலே பொறித்திருக்கும் ஏபெக் எண்ணை வைத்து, என்னுடையது ஏழு, உன்னுடையது ஐந்து என்று பிள்ளைகள் சண்டையிடுவதைக் காணலாம். அந்த எண் செய்நேர்த்தியின் துல்லியத்தைச் சொல்வது, வேகத்தை அல்ல.

ரப்பர் மூடியாக இருந்தால் ஊசி முனையால் ஓரத்தைத் தூக்கினால் வந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, கறுப்புத் தண்ணீர் வடிந்த பின் நன்றாக உலர்த்தவேண்டும். கொரோனாக் காலத்துச் சானிடைசர் மிச்சமிருக்கிறதே எனின், அதில் கிளிசரின் கலந்திருக்கும், பிசுக்கு மிஞ்சும். எதில் கழுவினாலும் அடுப்படியில் கழுவற்க.

எண்ணெயில் மூன்று மதங்கள் உண்டு. பாட்டியின் மதம் தேங்காய் எண்ணெய். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாளானால் பிசினாகும், தலைக்கு நல்லது. சைக்கிள் கடைக்காரர் மதம் கிரீஸ். சக்கரம் சற்று மந்தமாகும், ஆனால் மழையைத் தாங்கும்; எள்ளி நகைக்கத்தக்கதன்று. மூன்றாவது தையல் மெஷின் எண்ணெய், ஒரு பேரிங்குக்கு ஓரிரு சொட்டு. இதுவே நம் துணிபு.

கடலோரத்தில் இன்னும் கவனம் வேண்டும். மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டு ஓட்டிய சிறுமியைப் பற்றிய ‘கமலி’ குறும்படம் 2020-இல் பாஃப்டா பரிந்துரை வரை போனது. அவ்வூர்ப் பேரிங்குகளுக்கு மணலும் உப்புக் காற்றும்தான் கிட்டும். மழையில் நனைந்த பலகையை அன்றிரவே கழற்றித் துடையுங்கள்; காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் காலையில் துருவைத்தான் பார்க்கலாம். கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்ட பிறகும் ‘கரகர’வென்றால் மணி ஓடும் பாதையில் குழி விழுந்துவிட்டது. அதற்கு மருந்து கிடையாது, எட்டையும் மாற்றிவிடுங்கள்.