கரும்பு தின்ன 6,500 டாலர் கூலி

ஹார்வர்டு என்றால் நமக்கு ஒரு பயபக்தி உண்டு. பையனுக்கு அங்கே சீட் கிடைத்தால் தெருமுனையில் பேனரே வைத்துவிடுவோம். அப்பேர்ப்பட்ட இடத்தின் மூன்று உணவியல் விஞ்ஞானிகளுக்கு, ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்காக 1960-களில் கொடுக்கப்பட்ட தொகை 6,500 டாலர். 2016-ன் மதிப்பில் சுமார் ஐம்பதாயிரம். மூன்றாகப் பிரித்தால் நம்மூரில் ஒரு கல்யாணத்துக்கு மண்டபமும் சாப்பாடும் ஆகும். நகைக்குப் பத்தாது!

கொடுத்த புண்ணியவான்? 'சர்க்கரை ஆராய்ச்சி அறக்கட்டளை'. வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவை எல்லாம் கண்முன் வருகிறதா? அதெல்லாம் இல்லை, அமெரிக்கச் சர்க்கரை முதலாளிகளின் சங்கம்தான்.

அப்போது ஒரு பெரிய பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. இதய நோய்க்குப் பெரிதும் காரணம் கொழுப்பா, சர்க்கரையா? 1965 ஜூலை 11 அன்று நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன் நாளிதழ், சர்க்கரையைக் கை காட்டி அரைப் பக்கத்துக்குச் செய்தி போட்டது. இரண்டே நாளில் அந்தக் கட்டுரைத் திட்டம் 'புராஜெக்ட் 226' என்ற பெயரில் சங்கத்தில் ஓகே ஆகிவிட்டது. பெயரைப் பார்த்தால் நிலாவுக்கு ராக்கெட் விடப் போகிறார்கள் என்று தோன்றும். விட்டது கதை!

பட்டிமன்றத்துக்கு நடுவர் வேண்டுமே? ஹார்வர்டு உணவியல் துறைத் தலைவர் ஃபிரெடரிக் ஸ்டேர் இருந்தார். அதே சங்கத்தின் ஆலோசனைக் குழுவிலும் அவர் இருந்தார் என்பது சும்மா ஒரு கூடுதல் தகவல்.

எழுதும் வேலை மற்ற இரு விஞ்ஞானிகளான மார்க் ஹெக்ஸ்டெட், ராபர்ட் மெக்காண்டி தலையில் விழுந்தது. பாவம், நிம்மதியாக எழுத முடிந்ததா? அயோவா மாநிலத்து ஆய்வாளர்கள் சர்க்கரைக்கு எதிராகக் கட்டுரை மேல் கட்டுரை போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மறுப்பாக ஒரு பகுதியைத் திருத்த வேண்டியிருக்கிறது, அதனால்தான் லேட் என்று ஹெக்ஸ்டெட் சங்கத்துக்குக் கடிதமே எழுதினார். விஞ்ஞான வரலாற்றில் புது உண்மைகளை டிராஃபிக் ஜாம் மாதிரி நினைத்து அலுத்துக்கொண்டவர் இவராகத்தான் இருக்கும்.

வரைவைப் படித்துப் பார்த்த சங்கத்தின் ஜான் ஹிக்சனுக்குப் பரம திருப்தி. எதை எதிர்பார்த்தோமோ அதுவேதான் வந்திருக்கிறது என்று பதில் போட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமியாருக்கே பிடித்துவிட்ட மாதிரி!

1967-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அது இரண்டு பாகங்களாக வெளிவந்தது. குற்றவாளி கொழுப்பு, சர்க்கரை பெரும்பாலும் விடுதலை. கட்டுரையின் கீழே உதவியவர்கள் பட்டியலில் பால் தொழில் அமைப்பு ஒன்றின் பெயர் இருந்தது. சர்க்கரை மட்டும் இல்லை. பாலோடு நிறுத்திக்கொண்டார்கள், டயபடீஸ்காரர் காபி போல.

அவசரப்பட்டு ஹெக்ஸ்டெட்டைத் திட்டாதீர்கள். பால்காரர்களின் காசையும் வாங்கிக்கொண்டு, பால் கொழுப்பு உட்பட நிறைவுற்ற கொழுப்புகளைத் திட்டிய மனிதர் அவர். 'உண்ட வீட்டுக்கு ரெண்டகம்' என்று நாம் சொல்வதைத் துணிந்து செய்தவர்! கொழுப்புதான் வில்லன் என்று மனதார நம்பினார். யாரும் காசு தராவிட்டாலும் அதையேதான் எழுதியிருப்பார். அவரைத் தேடிப் பிடித்ததில்தான் சங்கத்தின் சாமர்த்தியம்.

யார் காசு கொடுத்தார்கள் என்று எழுதுங்கள் என அந்த மருத்துவ இதழ் கேட்க ஆரம்பித்ததே 1984-ல்தான்.

கடிதங்கள் எல்லாம் நூலகப் பெட்டிகளில் பத்திரமாகத் தூங்கின. 2016-ல் அவற்றை வைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டு உலகத்துக்குச் சொன்னவர் கிறிஸ்டின் கேர்ன்ஸ். அதற்குள் மூன்று விஞ்ஞானிகளும் காலமாகிவிட்டார்கள். ஆனாலும் வாயைத் திறக்க வைத்துவிட்டார். படிப்பால் அவர் பல் டாக்டர்.