எல்லையில் எண் புணரும் விதி

ஆய்வுப் பொருள்

பொன்னும் குடமும் அடுத்தடுத்து நின்றால் பொற்குடம் ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஒரு நாட்டுச் சாலையும் பக்கத்து நாட்டுச் சாலையும் எல்லையில் வந்து நின்றால் அவற்றின் எண்கள் எப்படிப் புணரும் என்பதை மட்டும் எந்தத் தமிழாசிரியரும் நடத்தவில்லை. பாடத்தில் விட்டுப்போன இந்தப் பகுதியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். ‘இது பொறியாளர் வேலையல்லவா?’ எனின், அன்று. தார் பொறியாளருடையது; எண் ஒரு பெயர்ச்சொல், ஆகவே புலவருடையது.

தரவுகள்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை இரண்டு குடும்பங்கள். ஒன்று, 1975இல் ஜெனீவா ஒப்பந்தம் வரிசைப்படுத்திய ஐரோப்பிய ‘ஈ’ சாலைகள். மற்றொன்று, 2003இல் பாங்காக்கில் ஏற்கப்பட்டு, 2005 ஜூலை 4 முதல் நடப்புக்கு வந்த ஒப்பந்தத்தின் ஆசிய நெடுஞ்சாலைகள். ஆசியாவில் ஒற்றை இலக்க எண்கள் கண்டத்தின் பல பகுதிகளைத் தாண்டும் பெருவழிகளுக்கு உரியவை. தெற்காசியாவின் பங்காக 40 முதல் 59 வரை ஒதுக்கப்பட்டது.

ஐரோப்பாவில் வடக்கு தெற்காகப் போவது ஒற்றைப்படை, கிழக்கு மேற்காகப் போவது இரட்டைப்படை. 2010இல் இந்தியா தன் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் சூட்டியபோது விதியை அப்படியே திருப்பிப் போட்டது: வடக்கு தெற்கு இரட்டைப்படை, கிழக்கு மேற்கு ஒற்றைப்படை. ஒரே நூற்பாவுக்கு இரண்டு உரையாசிரியர் வாய்த்தால் இப்படித்தான்.

விதிகள்

1. இயல்புப் புணர்ச்சி. பொன்னும் மலையும் பொன்மலை ஆவதுபோல, இடையில் எந்த மாற்றமும் இல்லாமல் எண் அப்படியே கடந்துபோவது. ஆசிய நெடுஞ்சாலை 1 சோலிலிருந்து பன்முன்ஜொம் வழியாகப் பியோங்யாங் போகிறது. அட்டாரியிலிருந்து வாகாவுக்கும் அதே எண்தான் போகிறது. நிலத்தில் எங்கே துப்பாக்கி அதிகமோ, அங்கே எண்ணின் புணர்ச்சி மிக இயல்பாக இருப்பது ஆய்வாளருக்கு வியப்பளித்தது.

2. தோன்றல். பூவும் கொடியும் சேரும்போது நடுவில் ஒரு மெய் தோன்றிப் பூங்கொடி ஆகிறது. டோக்கியோவில் கிளம்பும் அதே முதலாம் எண் ஃபுகுவோகா வந்து, தென்கொரியாவின் பூசானோடு சேரும்போது நடுவில் ஒரு கப்பல் தோன்றுகிறது.

3. திரிதல். மணிப்பூரின் மோரே, பர்மாவிலிருந்து வந்த தமிழர்கள் அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டிய ஊர். அங்கே முதலாம் எண் எல்லை தாண்டுகிறது. எண் திரியவில்லை, வண்டி திரிகிறது. இந்தப் பக்கம் இடப்புறம் ஓடுவது, 1970இல் வலப்புறத்துக்கு மாறிய மியன்மாருக்குள் நுழைந்ததும் வலப்புறம் போயாக வேண்டும்.

4. கெடுதல். மரமும் வேரும் மரவேர் ஆகும்போது மகரம் கெடும். ஸ்பெயினின் அல்ஹெசிராசிலிருந்து ஈ15 என்ற பலகையைப் பார்த்துக்கொண்டே பிரான்சின் கலே வரை வரலாம். டோவரில் இறங்கியதும் எண் கெட்டுவிடும். ஒப்பந்தத்தாளில் அது இங்கிலாந்தைத் தாண்டி ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் வரை நீள்கிறது. பிரிட்டன் மட்டும் அதைப் பலகையில் எழுதுவதில்லை.

புறனடை

விதிப்படி சுவீடனின் ஈ4, ஈ55 ஆகியிருக்க வேண்டும். பலகைகளை எல்லாம் மாற்றுவதற்கு ஆகும் செலவை நினைத்த சுவீடன் பழைய எண்ணையே வைத்துக்கொண்டது. பெருஞ்செலவு தரும் விதி புறனடையாக மாறும் என்பது இதனால் பெறப்படும்.

கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் இடையில் உள்ள ஒரே சாலை தேசிய எண் 44, தேசிய எண் 48, ஆசிய எண் 43 எனப் பலவாக வழங்குவது ஒருபொருட்பன்மொழி. ‘ஓசூர் ரோடு’ என்று கேட்டால்தான் டீக்கடைக்காரர் கை காட்டுவார் என்பது உலக வழக்கு.

தனிச்சிக்கல்

மேற்கண்ட நான்கு விதிகளிலும் அடங்காதது அந்த 43தான். ஆக்ராவில் தொடங்கி நாக்பூர், ஐதராபாத், பெங்களூர், மதுரை வழியாகத் தனுஷ்கோடிக்கு வருகிறது. பிறகு தலைமன்னாரில் எழுந்து, கொழும்பு, காலி வழியாக மாத்தறையில் முடிகிறது. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடலும் மணல்திட்டும். உருபு மறைந்து நின்றால் தொகை என்போம். இங்கே சாலையே மறைந்து நிற்கிறது. எனவே ‘சாலைத்தொகை’ என்று பெயரிடலாமா என யோசித்தோம்.

இதற்கு ஒரு தடை: மறைந்து நிற்பது விரித்தால் வெளிப்பட வேண்டும். இதை விரிக்க முடியுமா?

விடை: ஒரு காலத்தில் விரிந்துதான் கிடந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பில் இறங்கினார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. போட் மெயில் புறப்பட்ட நாளில் அந்த வழிக்கு நெடுஞ்சாலை எண் கிடையாது; ஆட்கள் போனார்கள். இன்று உலகம் ஒப்புக்கொண்ட எண் இருக்கிறது.

ஆகவே தொகை என்பதைக் கைவிட்டு, மாணவர்களை நெடுங்காலமாக அச்சுறுத்திவரும் ஒரு பெயரையே இதற்குச் சூட்டுகிறோம்: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். செல்லாக்காசு என்பதுபோல, இது செல்லாச்சாலை. ஈறு கெட்டது கண்கூடு.

முடிபு

களஆய்வுக்காகத் தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்குப் போனோம். 2017இல் அந்த முனை வரை தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். சாலை முடியும் இடத்தில் சிங்கத்தூண் நிற்கும் ஒரு வட்டம். வந்த பேருந்துகளும் வேன்களும் அதைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தன. 43 மட்டும் திரும்பவில்லை, நேரே போய்க்கொண்டிருந்தது.