எதை அறுக்கணும் சார்?

எங்கள் காலத்தில் யாரும் ரம்பத்தைத் தேர்ந்தெடுத்ததில்லை. ஆசாரியைத்தான், அதுவும் நாமா தேர்ந்தெடுத்தோம், தாத்தாவுக்குக் கதவு செய்தவரின் மகன் அப்பாவுக்குக் கட்டில் செய்ய வருவார், அவ்வளவுதான். சிதம்பரத்தில் எங்கள் திண்ணையில் அவர் சாக்கை அவிழ்த்தால் உளி, இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாம் வந்து கடைசியில் ரம்பம் வரும். வந்ததும் அறுத்துவிடுவார் என்று நினைத்தால் உங்களுக்கு அந்தக் காலம் தெரியாது. முப்பட்டை அரத்தால் பல் பல்லாகத் தீட்டி, ஒன்றை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் லேசாகச் சாய்த்து (சாய்க்காவிட்டால் மரம் அலகைக் கவ்விக்கொள்ளும்), வெற்றிலை போட்டு, ஆனித் திருமஞ்சனத்துக்கு ஐந்து தேரும் எந்தெந்த வீதியில் எவ்வளவு நேரம் நின்றன என்று சொல்லி முடித்த பிறகுதான் முதல் இழுப்பு. இந்த மனுஷருக்கு ஒரு மோட்டாரை வாங்கிக் கொடுத்தால் என்ன என்று, பியூசியில் இயற்பியல் படித்த மிதப்பில், நான் உள்ளுக்குள் அலுத்துக்கொள்வேன்.

கேட்ட வரம் கிடைத்தது, தலை நரைத்த பிறகு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த பண்ருட்டிப் பலாவில் ஒரு பலகை, வீணைக்குப் போகவேண்டிய ஜாதி மரம், என்னிடம் வந்து கிடந்தது. முக்காலி செய்யலாமென்று கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். “எதை அறுக்கணும் சார்?” என்றான் பையன். உபநிஷதத்தில் வரவேண்டிய கேள்வி. நீளமாக, நேராக என்றால் ஏழங்குல சர்குலர் சா, வளைவுக்கு ஜிக்சா, நெடுக்கில் அறுக்க 24 பல், பிளைவுட் ஓரம் சிதறாமலிருக்க 60 பல், மழுங்கினால் தீட்டவேண்டாம், பிளேடையே மாற்றிவிடலாம். 1920களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் மிஷெல் என்பவர் கரும்பு வெட்டுகிறவர்களைப் பார்த்து, அரிவாளுக்கு மோட்டார் வைத்தால் என்ன என்று யோசித்ததில் தொடங்கியதாம் கையில் பிடிக்கிற இந்த மின்ரம்பம். நெல்லிக்குப்பம் பக்கம் நாங்களும்தான் கரும்பைப் பார்த்தோம். கடித்துத் தின்றதோடு சரி.

சர்குலர் சா, மரம் அலகைக் கவ்வினால் நம் பக்கமே எகிறும். வீட்டில் அறுக்கிறவனுக்கு ஜிக்சா போதும் என்பது என் கட்சி. வாங்கினேன். அறுப்பு அரை நிமிஷம். ஆனால் கண்ணாடி, முகமூடி, காதடைப்பான் மாட்டி, பலகையைக் கிளாம்பில் இறுக்கி, ஒயர் அலகில் சிக்காமல் ஒதுக்கி, கீழ்வீட்டுக் குழந்தை விழித்துவிட்டதா என்று விசாரித்து, போன கரண்ட் வரும்வரை காத்திருப்பதைக் கூட்டினால் ஆசாரியின் வெற்றிலை நேரம் சரியாக வந்துவிடுகிறது. தேர்க்கதைதான் இல்லை, இருந்தாலும் காது அடைத்திருக்கிறதே.

சத்தம் மட்டும் அடுக்ககம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. மாடி வீட்டம்மா பூஜைப் பலகையோடு வருகிறார், எதிர்வீட்டுக்காரர் ஆடுகிற நாற்காலியோடு, “அரை அங்குலம் எடுத்துடுங்க சார், காபி ரெடி” என்று. நானும் இப்போதெல்லாம் நெற்றியைச் சுருக்கி, மரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, “நாளைக்கு முடிச்சிடலாம்மா” என்கிறேன்.