பேயாரே, பற்றுச்சீட்டு எங்கே?

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து இளசுகளுக்கு ஹலோவீன் ரசிகர் மாநாடு நடத்தும் ஆசை வந்திருக்கிறது. இம்முறை கேள்விகளில் பாதிக்கு மேல் பேய்க் கேள்விகள். வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

ஒக்டோபர் 31 இரவு கடற்கரையிலேயே வைத்தால் எப்படி இருக்கும்?
– ஒரு ரசிகர், உப்புவெளி

ஈரமாக இருக்கும். வடகீழ்ப் பருவமழை வாசலில் வந்து நிற்கும் நேரம் அது. டிராகுலா பூசிய மா பத்து நிமிடம் தாங்காது. கூரையுள்ள மண்டபமாகப் பாருங்கள். ஆனால் மழையிலும் ஓர் இலாபம் உண்டு. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு வெள்ளைக்காரர் வரும் காலம் செப்டெம்பரோடு ஓய்ந்துவிடும். காலி அறைக்குப் பேரம் பேசி, வெளியூர் ரசிகர்களை மலிவாகத் தங்கவைக்கலாம்.

மொத்தமே நாங்கள் பதினைந்து பேர். இதை மாநாடு என்றால் சிரிக்கமாட்டார்களா?
– கூச்சப்படுபவர், மட்டிக்களி

சிரிக்கட்டும். 1937 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் விஞ்ஞானப் புனைகதை ரசிகர்கள் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். இருபது பேர் வந்திருந்தாலே பெரிது. உலகின் முதல் ரசிகர் மாநாடு அதுதான் என்கிறார்கள் ஆங்கிலேயர். அமெரிக்கரோ, 1936இல் பிலடெல்பியாவில் நாங்கள் கூடியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். லீட்ஸில் இருந்த ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் பெயர் ஆதர் சி. கிளார்க். அதே ஆள்தான் 1956இல் நண்பர் மைக் வில்சனோடு எங்கள் சுவாமி மலையடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் 1622இல் இடித்த கோணேசர் கோயிலின் கற்றூண்களைக் கடலுக்குள் கண்டார். கொழும்பிலும் 2015 முதல் ரசிகர்களே கூடி 'லங்கா கொமிக் கொன்' நடத்திக் காட்டியிருக்கிறார்கள். பதினைந்து பேர் போதும். பதினைந்து தலைவர்கள் என்றால்தான் கஷ்டம்.

'ஹலோவீன்' படத்து மைக்கல் மயேர்ஸ் முகமூடியை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கக் காசு சேர்க்கிறோம். சரியா?
– தீவிர ரசிகர், உவர்மலை

காசை மண்டபத்துக்குக் கொடுங்கள். 1978இல் ஜோன் கார்ப்பென்ரர் அந்தப் படத்தை எடுத்தபோது கையில் ஏறக்குறைய மூன்று இலட்சம் டொலர்தான். ஹொலிவுட்டில் அது தேத்தண்ணிக் காசு. முகமூடி கடையில் சும்மா கிடந்த 'ஸ்டார் ட்ரெக்' கப்டன் கேர்க்கின் முகம். கண் ஓட்டைகளைப் பெருப்பித்து, வெள்ளை பெயின்ற் அடித்து, தலைமயிரைக் கலைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கதை நடப்பது இலையுதிர் காலத்தில், படம் பிடித்ததோ கலிபோர்னிய வசந்தத்தில். அதனால் நிறம் பூசிய இலைகளைத் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் பொறுக்கி, அடுத்த தெருவில் மறுபடி கொட்டினார்கள். பெயின்ற் கடை எங்கள் ஊரிலும் இருக்கிறது. இலை பொறுக்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்.

விளம்பரத்துக்காக முகமூடியோடு இரவில் ஊர்வலம் போகலாமா?
– மாணவர், கிண்ணியா

கிண்ணியாவிலிருந்தா இந்தக் கேள்வி? வீட்டில் பெரியவர்களிடம் 2011 ஆகஸ்டைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். 'கிறீஸ் பூதம்', 'மர்ம மனிதன்' என்று நாடே குலைநடுங்கிய மாதம் அது. உங்கள் ஊர் உட்படக் கிழக்கில் பல இடங்களில் சனம் பொல்லோடு தெருவில் நின்றது, படையினரோடு மோதலும் வந்தது. இருட்டில் முகத்தை மூடிக்கொண்டு வருபவர் ரசிகரா வேறு ஆளா என்று ஒரு கிழவி ஆராய்ந்துகொண்டிருக்கமாட்டார். பயம் என்பது கேட்டு, காசு கொடுத்து, உள்ளே வந்தவருக்கு மட்டும் விற்கவேண்டிய சரக்கு. ஆகவே மண்டப வாசலுக்குள்தான் பேய். வாசலைத் தாண்டினால் முகமூடி பைக்குள். படைச் சீருடை, விளையாட்டுத் துப்பாக்கி, துறவி வேடம் எதுவும் வேண்டாம். கடற்படைத் தளம் உள்ள ஊரில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

பழைய வெள்ளைக்காரர் மயானம், இல்லாவிட்டால் பிரட்றிக் கோட்டை, எது பொருத்தம்?
– இடம் தேடுபவர், டொக்யார்ட் வீதி

இரண்டும் இல்லை. மயானத்தில் உறங்குபவர்களில் ஒருவர் கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின். 1852இல் பர்மாவில் வாந்திபேதி கண்டு இறந்தவர். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் ஒரே தம்பி. அக்காவை வாசித்தவர்கள் தம்பியைத் தேடி வந்து, நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களும் ரசிகர்கள்தான்; கல்லறைமேல் ஏறி நின்று படம் எடுப்பதில்லை. கோட்டைக்குள் இருப்பது இராணுவம், மான்கள், கோணேசரைக் கும்பிடப் போகும் சனம். மூன்று தரப்பும் உங்களிடம் டிக்கெட் வாங்கப்போவதில்லை.

இது அந்நியக் கொண்டாட்டம். எங்கள் பண்பாடு கெடாதா?
– கவலைப்படும் தகப்பன், பாலையூற்று

நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். அதற்கு முந்திய இரவுதான் ஹலோவீன். மறுநாள் நவம்பர் 2 இல் எங்கள் கத்தோலிக்கர் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். ஆகவே காலண்டர் அந்நியமில்லை. பேயை விரட்ட அயர்லாந்துக்காரர் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டினார்கள். அமெரிக்கா போனபின் பூசணிக்கு மாறினார்கள். நாங்கள் நீத்துப்பூசணியை வெட்டிக் கண்ணூறு கழிக்கிறோம். இரு தரப்பிலும் நட்டம் பூசணிக்குத்தான். மாநாட்டை மட்டும் 31ஆம் திகதியோடு முடித்துவிடுங்கள். 2ஆம் திகதி அழுபவர்களுடைய நாள்.

வேடங்களைத் தைக்க மட்டும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். மேடையில் நிற்பது ஆண்கள்.
– தையல் தெரிந்தவர், திருக்கடலூர்

பழைய வியாதி. 1939இல் நியூயோர்க்கில் நடந்த முதல் உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டுக்கு ஃபொரஸ்ட் ஆக்கர்மன் எதிர்கால மனிதன்போல் உடுத்திப்போய்ப் புகழடைந்தார். அந்த உடையைத் தைத்தவர் மேர்ட்டில் டக்ளஸ். தானும் ஒன்றைத் தைத்து அணிந்து கூடவே போனார். நீங்களும் உங்களுக்கு ஒன்றை முதலில் தையுங்கள்.

பேய் வருவது நடுச்சாமத்தில்தானே? பன்னிரண்டு மணிக்குத் தொடங்குவோமா?
– இரவுப்பறவை, சீனக்குடா

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2007இலேயே உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பேய்கள் மாலை ஆறுக்கு வேலைக்கு வந்து ஒன்பதரைக்குக் கையெழுத்து வைத்துவிட்டுப் போகட்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி முன்கூட்டியே எடுங்கள். படம் திரையிடுவதானால் உரிமைக்காரரின் சம்மதமும் வேண்டும். டிஸ்க் கையில் இருப்பது சம்மதம் ஆகாது.

அரசியல்வாதி ஒருவரைப் பிரதம விருந்தினராக அழைக்கலாமா?
– செயலாளர், லிங்கநகர்

பயமுறுத்தும் நிகழ்ச்சிதான். அதற்காக இவ்வளவா?

பொருளாளர் பதவிக்கு யாரைப் போடுவது?
– நடுங்கும் குழு, மூதூர்

வேடம் போடாத ஒருவரை. காசுப்பெட்டியை முகமூடிக்காரரிடம் கொடுத்தால், எந்தப் பேய் தூக்கியது என்று பிறகு பொலிஸில் என்ன சொல்வீர்கள்? மண்டப முற்பணம், ஜெனரேற்றர் வாடகை, தேத்தண்ணிக் கணக்கு, எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்கச் சொல்லுங்கள். கடை மேசைகளை முன்பணத்துக்கு விற்றுவிட்டுத்தான் மண்டபத்துக்குக் கையெழுத்து வையுங்கள். வேடம் மாற்ற ஓர் அறை, அதில் கண்ணாடி, ஊசிநூல், கோந்து. தண்ணீர் வரும் மலசலகூடம். ஆறு முழ வால் கட்டியவர் அதற்குள் திரும்ப முடியுமா என்றும் பாருங்கள். இவற்றைக் கவனித்தால் அடுத்த வருடமும் மாநாடு உண்டு.

அழைத்தால் நீங்கள் என்ன வேடத்தில் வருவீர்கள்?
– குறும்புக்காரி, நிலாவெளி

கரண்ட் பில்லாக. முகமூடிச் செலவே இல்லாமல் முழு மண்டபமும் அலறும்.