‘இன்னைக்கு என்ன குழம்பு?’ – ஓர் ஆய்வு

தமிழ் வீடுகளில் நாள் தவறாமல் எழும் கேள்விகளில் ‘இன்னைக்கு என்ன குழம்பு?’ என்பதற்கு ஈடு இணை கிடையாது. ஆயினும் அதற்கு இலக்கணம் வகுத்தார் எவருமில்லை. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின், அக்கேள்வி அடுக்களையிலிருந்து கைபேசிக்குக் குடிபெயரத் தொடங்கியிருக்கிறது. இப்பெயர்ச்சியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் முன்னோர் நெறி. முடிவெடுக்கும் பாரத்தைப் பிறர் தலையில் கட்டுவதில் நம்மவர் எக்காலத்திலும் சளைத்தவரல்லர். பல்லி எந்த அங்கத்தில் விழுந்தால் என்ன பலன் என்று இடம், வலம் பிரித்துப் பஞ்சாங்கத்தில் பட்டியலே அச்சாகிறது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியே பொட்டலம் கட்டிச் சாமி முன் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னால் பெண்ணைக் கொடுக்கலாமா கூடாதா என்பது தீர்ந்துவிடும். கிளியோ ஒரு நெல்மணிக் கூலிக்குச் சீட்டெடுத்தது. (1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது குற்றம் என்பதால், அத்துறையில் ஊழியர் பற்றாக்குறை.)

இங்கே உத்திரமேரூரைத் தவிர்க்க முடியாது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. கண்ட பேரெல்லாம் குடத்துக்குள் போய்விட முடியாது. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். இப்படிச் சலித்தெடுத்த பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைவிட்டு எடுக்கச் செய்தார்கள். செயற்கை நுண்ணறிவு பதில் எழுதும் விதமும் ஏறக்குறைய இதேதான். ‘இன்று உங்களுக்கு’ என்று எழுதியதும், அடுத்து வரத்தகுந்த சொல்துண்டுகளுக்கெல்லாம் நிகழ்தகவு கணக்கிடுகிறது; தகுதி குறைந்தவற்றைக் கழிக்கிறது; மீந்ததில் ஒன்றைக் குலுக்கி எடுக்கிறது. குலுக்கலின் தாராளத்துக்கு ‘டெம்பரேச்சர்’ என்று பெயர். அதைக் கூட்டினால் சாம்பார் வரவேண்டிய இடத்தில் மோர்க்குழம்பு வரும். ஒரே கேள்விக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று எனப் பதில் மாறுவதும் இதனால்தான். இதைக் குறை சொல்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் யோசனை கேட்டுப் பழகாதவர்கள்.

வேறுபாடு ஒன்று உண்டு. பல்லிக்கு முகதாட்சண்யம் கிடையாது. சிவப்புப் பூ வந்தால் வந்ததுதான். மறுபடி கட்டிப் பார்த்தால் சாமிகுத்தம். கைபேசியிலோ மறுபடி கேட்பதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, பயிற்சியின்போது இரண்டு பதில்களில் எது பிடித்தது என்று மனிதர்களிடம் கேட்டுக் கேட்டுத் திருத்துவதால், பிடித்ததைச் சொல்லும் பழக்கம் இயந்திரத்துக்கு ஒட்டிக்கொள்கிறது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடிக்கு அதன் நிறுவனமான ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு கேட்டதற்கெல்லாம் தலையாட்டிப் புகழ்ந்து தள்ளியதில், சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற நேர்ந்தது.

ஆகவே வேலையை விடலாமா, காரை வாங்கலாமா என்று நள்ளிரவில் தட்டச்சு செய்பவர் பெரும்பாலும் முடிவு கேட்கவில்லை. எடுத்த முடிவுக்குச் சாட்சிக் கையெழுத்துத்தான் கேட்கிறார். 1838இல் சார்லஸ் டார்வின் கல்யாணம் செய்துகொண்டால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று தாளில் பட்டியல் போட்டார். மனைவி எப்படியும் நாயைவிட மேலான துணை என்பது அதில் ஒரு நன்மை. அடுத்த ஜனவரியில் எம்மாவைக் கைப்பிடித்தார். தாளுக்கு வாயில்லாததால் ‘அற்புதமான சிந்தனை!’ என்ற பாராட்டு மட்டும் அவருக்குக் கிட்டவில்லை.

குழம்புக்குத் திரும்புவோம். கைபேசி வத்தக்குழம்பு என்று தீர்ப்பளிக்கிறது. காரணம் நான்கு, கூடவே சுட்ட அப்பளத்துக்குப் பரிந்துரை. அடுக்களையிலிருந்து மேல்முறையீடு வருகிறது: “சுண்டைவத்தல் தீர்ந்து ஒரு வாரமாச்சு. ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலையை யார் திங்கிறது?” இத்தகவல் உடனே கைபேசிக்குத் தெரிவிக்கப்படுகிறது. ‘மிகச் சரியாகச் சொன்னீர்கள்! இன்றைக்குக் கொண்டைக்கடலைக் குழம்புதான் பொருத்தம்’ என்கிறது அது.