கையா, முகமா?

"கொஞ்சம் ஃப்ரேமை விட்டுத் தள்ளி நில்லுங்க சார்."

வைகைக்கரையில் ஆழ்வார்புரம் பக்கம், விடிந்தும் விடியாத நேரத்தில் என்னைப் பார்த்துச் சொன்னவனுக்கு என் மகன் வயது இருக்கும். அழகர் வந்து நிற்கப்போகும் மண்டகப்படிப் பந்தலை ஈ காக்கை இல்லாமல் எடுக்க வேண்டுமாம். எனக்கும் அதேதான் வேண்டும். பக்கத்தில் முக்காலியோடு நின்றவருக்கும், தடுப்புக் கட்டையில் தொற்றிக்கொண்டிருந்தவருக்கும், மணலில் குப்புறக் கிடந்தவருக்கும் அதேதான். ஆள் நடமாட்டம் இல்லாத திருவிழாவை எடுக்க அத்தனை ஆள்.

சித்திரைத் திருவிழாவைக் கூட்டத்தோடு எடுக்கிறவன் கத்துக்குட்டி என்று நம் ஆட்களுக்குள் எப்போதோ முடிவாகிவிட்டது. லட்சக்கணக்கில் ஜனம் நெரியும் நாளில் எவனும் எடுப்பான். கீழமாசி வீதியில் தேருக்குச் சாரம் கட்டும்போதே போய் நிற்கிறவன்தான் கலைஞன்.  

அந்தக் கலைஞனுக்கு முதலில் வேண்டியது கை. சவுக்குக் கம்பில் கயிறு சுற்றி முடிச்சுப் போடும் பந்தல்காரர் கை. நரம்பு புடைத்திருக்க வேண்டும், நகத்தில் அழுக்கு வேண்டும், பின்னால் சூரியன் மங்கலாக வேண்டும். அப்புறம் கறுப்பு வெள்ளை. என் ஹார்ட் டிஸ்க் நிறையக் கைகள், ஒன்றுக்கும் முகம் கிடையாது. இது பந்தல்காரர்களுக்கும் பழகிவிட்டது. அங்கே இருந்த பெரியவர் என்னைக் கண்டதும் பீடியை அணைத்துவிட்டு, "கையா தம்பி, முகமா?" என்றார். கை என்றேன். போட்ட முடிச்சை அவிழ்த்து, வெளிச்சம் விழும் பக்கம் அவரே திரும்பி, நிதானமாக மறுபடி போட்டுக் காட்டினார். முக்காலிக்காரர் "எனக்கு இன்னொரு தடவை" என்றார், அவிழ்த்தார். மணலில் கிடந்தவர் "கீழேருந்து ஒண்ணு" என்றார், அவிழ்த்தார். கம்பு மெள்ளச் சரியத் தொடங்கியது. "யோவ், அழகர் வர்றதுக்குள்ள கட்டி முடிப்பியா மாட்டியா?" என்று மேஸ்திரி கத்தினார். "போட்டோ எடுக்குறாய்ங்கல்ல!" என்று பெரியவர் திருப்பிக் கத்தினார். மேஸ்திரி விறுவிறுவென்று வந்தார். திட்டு விழப்போகிறது என்று கேமராவை இறக்கினோம். அவர் தலையைக் கோதிக்கொண்டு இன்னொரு கம்பைப் பிடித்தபடி நின்றார். கையில் பளபளவென்று தங்க நிற வாட்ச். ஒருத்தரும் எடுக்கவில்லை. நானும்தான்.

இதற்குள் மைக்செட்காரர் குழாயைக் கட்டி "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பித்துவிட்டார். அமைதி கெட்டுவிட்டதாம், முக்காலிக்காரர் முகம் சுளித்தார். படத்தில் சத்தம் விழாது என்று அவருக்கு யார் சொல்வது?

மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்கு வரவழைத்து, இரண்டு விழாவையும் ஒட்டவைத்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் மனுஷன் கூட்டம் சேர்க்க அவ்வளவு மெனக்கெட்டார். நாங்கள் அதை ஃப்ரேமிலிருந்து துரத்த மெனக்கெடுகிறோம்.

அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கும்போது இந்தக் கலைஞர்களில் ஒருத்தரைக் கரையில் காட்டுங்கள் பார்ப்போம். தூசி, நெரிசல், வெளிச்சம் சரியில்லை. நானும் டிவியில்தான் பார்ப்பேன். தோல் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறார்களே, லென்ஸ் என்ன விலை தெரியுமா? உருமாலும் சல்லடமும் கட்டி, நேர்த்திக்கடனுக்குப் பீய்ச்சுகிற ஆளை நாலு வார்த்தை திட்டக்கூட முடியாது.